சிவப்புக் கரண்டி, நீலக் கரண்டி

ஒரு காலை வாசலுக்கு வெளியிலும் ஒரு காலை உள்ளேயும் வைத்தபடி நின்ற ஆபரேட்டரைப் போன வாரக் கதையில் அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம் மனிதர், ஒரு வாரமாக நிற்கிறார். இன்றைக்கு அவருக்குப் பரீட்சை. முதலில் அவரை அனுப்பி வைத்துவிடுவோம்.

"கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள் அவர் மனைவி பார்லரம்மா.

"தெரியும்னு சொல்லுவேன்."

"எதைக் கேட்டாலும்?"

"எதைக் கேட்டாலும் தெரியும்தான்."

"நிஜமாவே தெரியாததைக் கேட்டுட்டா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் மகள். பல் துலக்கிக்கொண்டே கேட்டதால் நுரையும் சேர்ந்து வந்தது.

"அந்த வார்த்தை நம்ம வீட்ல கிடையாது பாப்பா. நீங்க கிளம்புங்க."

பார்லரம்மா அவருடைய சட்டைக் காலரை ஒருமுறை இழுத்துச் சரி செய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. ஆபரேட்டர் தலையை ஆட்டிவிட்டு, தெருமுனை வரைக்கும் நிமிர்ந்த முதுகோடு நடந்து போனார். நிமிர்ந்து நடப்பதும் அவள் கற்றுக்கொடுத்ததுதான்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆபரேட்டர் மணலும் ஜல்லியும் விற்கும் ஒரு யார்டில் பொக்லைன் ஓட்டுகிறவர். அவருடைய பழைய வண்டியில் நெஞ்சுக்கு நேரே வரிசையாக நீள நீள லீவர்கள் இருக்கும், ஒவ்வொரு அசைவுக்கும் ஒன்று. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவார். யார்டுக்காரர்கள் அந்த வண்டிகளையெல்லாம் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டுப் புது வண்டி வாங்கிவிட்டார்கள். புதியதில் நாற்காலியின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கொரு குட்டி லீவர், அவ்வளவுதான். பக்கவாட்டில் அசைத்தால் ஒன்று வண்டியையே திருப்பும், மற்றது பக்கெட்டை மூடித் திறந்து மண்ணை அள்ளிக் கொட்டும். பரீட்சையில் தேறுகிறவருக்கு அந்த நாற்காலி. தேறாதவருக்குக் கேட்டில் ஒரு ஸ்டூல், வருகிற லாரிக்குக் கதவு திறந்துவிடும் வேலை.

"என் வயசுக்கு இதெல்லாம் மண்டையில ஏறாது" என்று அவர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். அன்றைக்குப் பார்த்துத்தானா பார்லரம்மா அந்தக் கூட்டத்துக்குப் போய்விட்டு வர வேண்டும்.

அவள் வேலை பார்க்கும் பியூட்டி பார்லரின் முதலாளியம்மா, ஊழியர்கள் முன்னேற வேண்டும் என்று ஒரு கோட்டுக்காரரை வரவழைத்துப் பேச வைத்திருந்தார். மற்ற பெண்கள் கொட்டாவி விட்டார்கள். பார்லரம்மா மட்டும் கண் கொட்டாமல் கேட்டாள். "தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே முறை. அறிவு மறந்தாலும் உடம்பு மறக்காது" என்றார் கோட்டுக்காரர். "தெரியாது என்ற சொல்லை இன்றோடு மறந்துவிடுங்கள்" என்றும் சொன்னார். படிப்பைப் பாதியில் விட்டவள் அவள். வாழ்க்கையில் முதன்முறையாக யாரோ தனக்கென்றே பேசுவதுபோல இருந்தது.

மறுநாளே வீடு பள்ளிக்கூடமாகிவிட்டது. கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில், இரண்டு பக்கமும் மரக்கரண்டிகளை நிமிர்த்திக் கட்டினாள். போனில் ஒரு பயிற்சியாளர் புது வண்டியின் இருக்கையில் அமர்ந்து, நம்மைப் பார்த்தபடியே லீவர்களை ஆட்டிக் காட்டும் வீடியோவைத் தேடி எடுத்தாள். அதைப் பார்த்துப் பார்த்து, மண் அள்ளும் கரண்டிக்குச் சிவப்பு நெயில் பாலிஷும் வண்டி திருப்பும் கரண்டிக்கு நீல நெயில் பாலிஷும் பூசினாள். ஆபரேட்டருக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கல். போன் திரையில் எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரியும். அவள் பார்த்துச் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

காலையில் ஒரு அலாரம், சாயந்திரம் ஒரு அலாரம். அலாரம் அடித்ததும் அவர் முகம் கழுவி வந்து உட்காருவார். அவள் எதிரில் லாரியாக நிற்பாள். ஆமாம், லாரியாகத்தான். "லாரி வந்தாச்சு" என்பாள். அவர் சிவப்பில் அள்ளி, நீலத்தில் திருப்பி, மறுபடி சிவப்பில் அவள் தலையில் கொட்டுவார்.

"மத்த வீட்ல எல்லாம் கரண்டி அடுப்படியில இருக்கும்" என்று பாப்பா கேலி செய்தாள். பாப்பா என்றால் தொட்டில் குழந்தை இல்லை, மருந்துக் கடையில் நின்று சம்பாதிக்கிற பெண்.

கேலி எல்லாம் கொஞ்ச நாள்தான். ஆபரேட்டரின் கை பழகப் பழக வீட்டில் சத்தம் அடங்கிப் போனது. பேசிக்கொண்டே ஓட்டினார். பாட்டு கேட்டுக்கொண்டே ஓட்டினார். ஒருநாள் தூக்கத்தில் அவர் வலது கை திரும்புவதை பார்லரம்மா பார்த்துவிட்டு, எழுப்பாமல் கிடந்து சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லி இந்த வீட்டில் நடந்த முதல் காரியம் அது.

அந்த நினைப்பிலேதான் இன்று பார்லருக்குப் போனாள்.

பார்லரில் நாலு பக்கமும் கண்ணாடி. அவளுக்கு அதுதான் உலகம். வந்து உட்காருகிறவளின் முகத்தை நேராகப் பார்த்ததைவிடக் கண்ணாடிக்குள் பார்த்ததுதான் அதிகம். "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் எடுக்கட்டுமா?" என்று கண்ணாடிக்குள் விரலைக் காட்டித்தான் கேட்பாள். இடது, வலது என்ற பேச்சே அவளிடம் கிடையாது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கண்ணாடியில் எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கம்தான் அவளுக்குப் பக்கம். அதில் ஒருநாளும் ஒரு புருவம் கோணலானதில்லை.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் தூங்குமூஞ்சியின் மனைவி.

தூங்குமூஞ்சி யார்டில் ஆபரேட்டரின் கூட்டாளி. வண்டியில் பாட்டுப் போட்டுவிட்டு அதைக் கேட்காமலே தூங்குகிற ஆள். பரீட்சைக்கு என்ன பழகினீர்கள் என்று பார்லரம்மா ஒருநாள் கேட்டதற்கு, "அன்னைக்குப் போய் பாத்துக்கலாம் தங்கச்சி" என்று சொன்னவர். அவர் உருப்படமாட்டார் என்று அன்றே முடிவு கட்டியிருந்தாள்.

"புருவம் எடுத்துவிடுக்கா" என்று உட்கார்ந்தாள் வந்தவள். முகமெல்லாம் பல். "அவர் பாஸ் ஆயிட்டாரு."

பார்லரம்மாவுக்கு நூல் கையிலிருந்து நழுவியது. தூங்குமூஞ்சியே தேறிவிட்டார் என்றால் அவள் வீட்டுக்காரர் அந்த யார்டையே தூக்கி லாரியில் வைத்திருப்பார்.

"நிஜமாவா? என்ன பண்ணினாராம்?"

"ஒண்ணும் பண்ணல. ஓட்டத் தெரியுமான்னு கேட்டாங்களாம். 'தெரியாது சார், சொல்லிக் குடுங்க'ன்னு இவர் கேட்டாராம். பக்கத்துல நின்னு காட்டினாங்களாம். அப்புறம் ஆமை மாதிரி ஓட்டி, ஒரு வழியா கொட்டிட்டாராம். இந்தா, பின்னாடி இருந்து ஒருத்தர் எடுத்தது."

அவள் போனை நீட்டினாள். பார்லரம்மா கண்ணாடிக்குள் பார்ப்பதை விட்டுவிட்டுக் குனிந்து போனைப் பார்த்தாள்.

இருக்கைக்குப் பின்னாலிருந்து எடுத்த வீடியோ. தூங்குமூஞ்சியின் வழுக்கை, இரண்டு தோள், இரண்டு கை. முன் கண்ணாடிக்கு வெளியே லாரி நின்றது. அவர் ஒரு கையை மெதுவாக அசைத்தார். வண்டி திரும்பியது.

"தப்பான கையால திருப்புறாரே" என்றாள் பார்லரம்மா.

"என்னக்கா?"

"திருப்புறது இந்தக் கை இல்ல. அந்தக் கை." சொல்லிவிட்டு அவளே சமாதானமும் கண்டுபிடித்தாள். "போன் மாத்திக் காட்டுது. நம்மளை நாமே எடுத்தா பக்கம் மாறி விழுமே, அது மாதிரி."

மறுபடி ஓட்டிப் பார்த்தாள். வெளியே நின்ற லாரியின் நெற்றியில் யார்டின் பெயர் எழுதியிருந்தது. எழுத்து நேராக இருந்தது. படிக்க முடிந்தது.

அவள் தலையைத் தூக்கினாள். கண்ணாடிக்குள் பார்லரின் வாசல் கதவு தெரிந்தது. அதன் உள்பக்கம் எழுதியிருந்த பார்லரின் பெயர் பக்கம் மாறி, கடைசி எழுத்து முதலில் வந்து நின்றது. தினமும் பார்ப்பதுதான். தினமும் பார்ப்பதால் பார்க்காமலே இருந்தது.

வீடியோவில் பயிற்சியாளர் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளின் இடது கை நம் வலது பக்கத்தில் வரும். திரையில் எந்தப் பக்கம் தெரிந்ததோ அந்தப் பக்கத்துக் கரண்டியில் அவள் பாலிஷைப் பூசிவிட்டாள், கண்ணாடிக்குள் பார்க்கிற பழக்கத்தில். சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் நீலம். நீலம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் என்ன ஆனாரு?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்தது.

வந்தவள் சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டாள். "போன் பண்ணலையாக்கா? ஆளுக்கு ஒண்ணும் ஆகல. லாரியிலயும் யாரும் இல்ல. லாரியோட மூஞ்சி மட்டும்தான் நசுங்கிப் போச்சாம்."

பார்லரம்மா அவளுக்குப் புருவம் எடுத்துவிட்டாள். எப்படி எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இரண்டும் ஒன்றுபோல வளைந்து, அழகாகவே வந்திருந்தது.

மிச்ச வேலையைப் பக்கத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். ஆட்டோ பிடிக்கவில்லை. சீக்கிரம் போய்ச் சேர அவளுக்கு மனசில்லை.

ஆபரேட்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை. காலர் மடங்கிக் கிடந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, எதற்கு என்று தோன்றியதுபோல உட்கார்ந்துவிட்டார்.

"சாப்பிட்டீங்களா?"

"தெரியும்னு சொன்னேன்ம்மா" என்றார் அவர். "நீ சொன்ன மாதிரியே. நல்லா நிமிந்து உக்காந்து, தெரியும் சார்னு சொன்னேன். அவங்களும் சரி ஓட்டுங்கன்னு இறங்கிட்டாங்க."

அவள் தோள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"எப்படியோ மண்ணை அள்ளிட்டேன். லாரிப் பக்கம் திருப்பலாம்னு தள்ளினேன். அள்ளினதெல்லாம் கீழ கொட்டிடுச்சு. சரி, பக்கெட்டை மூடலாம்னு அடுத்ததைத் தள்ளினேன். வண்டியே சுத்திட்டுப் போயி லாரி மூஞ்சியில அறைஞ்சிடுச்சு." அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். "பதற்றத்துல கை இன்னும் வேகமா ஓடுது. நிறுத்துன்னா நிக்க மாட்டேங்குது."

"அப்புறம்?"

"அந்தப் பரீட்சை வைக்க வந்த பையன், நம்ம பாப்பா வயசுதான் இருக்கும், எல்லார் முன்னாடியும் கேட்டான். 'ஏன்யா, இடது எது வலது எதுன்னுகூடவா உனக்குத் தெரியாது'ன்னு." மடங்கிக் கிடந்த காலரை நிமிர்த்தப் பார்த்தார். "அந்த வார்த்தை நம்ம வீட்ல கிடையாதுன்னு சொன்னியே. அங்க இருந்துச்சு."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் அந்தத் திட்டுக்குப் பின்னாலேயே அவளும் உண்மையைப் போட்டு உடைத்திருப்பாள்.

"ஃபோர்மேன் என்ன சொன்னாரு?"

"நாளைக்குக் காலையில வந்து கேட் வேலைக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிட்டாரு. நம்ம தூங்குமூஞ்சிதான் துடிச்சிட்டான். 'நான் பேசறேன்ண்ணே, கால்ல விழுந்தாவது இன்னொரு தடவை உக்கார வைக்கச் சொல்றேன், காலையில கேட்ல நிக்கிறேன் வாங்க'ன்னான். வேணாம்டான்னுட்டேன்."

"ஏன் வேணாம்னீங்க?"

"என் கையை எனக்கே நம்ப முடியலம்மா. லாரில ஆள் இருந்திருந்தா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "உன் மேல ஒரு தப்பும் இல்ல. நீ சரியாத்தான் சொல்லிக் குடுத்த. அவ்வளவு பாடுபட்ட. எனக்குத்தான் தலையில ஏதோ கழண்டுடுச்சு. பாப்பா வரட்டும், எந்த டாக்டர்கிட்ட காட்டணும்னு கேக்கணும்."

பார்லரம்மா அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தில் அழுதால் வெளியே கேட்காது. ஆனால் அழுகை வரவில்லை. வாயில் ஒரு வார்த்தை மட்டும் வந்து நின்றது. நான்தான். அந்த ஒரு வார்த்தையைத் துப்பினால் அவருக்கு அவர் மூளை திரும்பக் கிடைக்கும். நாளைக்கு யார்டுக்குப் போய் ஒருமுறை கெஞ்சிப் பார்க்கும் தைரியம்கூட வரலாம்.

ஆனால் அதற்கப்புறம் இந்த வீட்டில் அவள் சொன்னால் யார் எழுந்து உட்காருவார்கள்? கோட்டுக்காரர் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து புருஷனை லாரியில் மோத வைத்தவள் என்று பெயர் வரும். அந்தப் பெயர் வந்தாலும் பரவாயில்லை. அவர் ஒன்றும் சொல்லமாட்டார், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார், அதற்குமேல் அவளிடம் எதையும் கேட்கமாட்டார். அதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சாயந்திரம் பாப்பா வந்தாள். செருப்பைக் கழற்றாமலே நேராக அடுப்படிக்கு வந்தாள்.

"ம்மா, அந்த வீடியோ பாத்தியா? தூங்குமூஞ்சி மாமா எனக்கும் அனுப்பிருந்தாரு."

"பாத்தேன்."

"பாத்தது மட்டும்தானா? நம்ம கரண்டி பக்கம் மாறிக் கிடக்கே."

பார்லரம்மா பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். அது தேய்த்து முடித்த பாத்திரம்.

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"நான் உள்ள நுழையறதுக்குள்ள மூளை டாக்டர் விலாசம் கேக்கறாரும்மா. முகத்தைப் பாத்தியா அவருக்கு? பயந்து போய் உக்காந்திருக்காரு."

"சொல்றேன்டி."

"எப்ப?"

"கொஞ்சம் மூச்சு விட விடு."

பாப்பா அம்மாவை உற்றுப் பார்த்தாள். கோபம் வந்த வேகத்தில் போய்விட்டதுபோல இருந்தது. அந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. "நானும்தான் தினம் பாத்தேன்" என்றாள். "கரண்டியைக் கிண்டல் பண்ணினேனே ஒழிய, ஒருநாள்கூட உன் போன்ல இருந்த அந்தப் பயிற்சி வீடியோவை வாங்கிப் பாக்கல. சரி. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? காலையில அவர் கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் சொல்லியும் பிரயோஜனம் இல்ல."

"இப்ப சொன்னா மட்டும்? லாரியை உடைச்ச ஆளை மறுபடி ஏத்துவாங்களா?"

"ஏத்த மாட்டாங்கன்னே வெச்சுக்கோ. பைத்தியம்னு நெனச்சுக்கிட்டு கேட்ல உக்காரணுமா அவரு?"

பதில் சொல்ல பார்லரம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் கூடத்தில் அலாரம் அடித்தது.

சாயந்திர அலாரம். அதை நிறுத்தி வைக்க இருவருக்குமே தோன்றவில்லை. போன் கூடத்து அலமாரியில் கிடந்து கத்தியது. கட்டில் கிரீச்சிட்டது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலி நகரும் சத்தம்.

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். ஆபரேட்டர் முகம் கழுவி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இப்ப எதுக்குப்பா?" என்றாள் பாப்பா.

"உக்காரலைன்னா கை ஒரு மாதிரி பரபரங்குதும்மா. இன்னிக்கு ஒருநாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விட்டுடலாம்."

அவர் ஓட்ட ஆரம்பித்தார். பார்லரம்மா அவருக்குப் பின்னால் நின்றாள். இத்தனை நாளில் பின்னாலிருந்து அவள் பார்த்ததே இல்லை. இடது கை சிவப்புக் கரண்டியை அசைத்து மண்ணை அள்ளியது. வலது கை நீலக் கரண்டியில் வண்டியைத் திருப்பியது. ஒரு நடுக்கம் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. தூங்குமூஞ்சியின் ஆமை வேகம் எங்கே, இது எங்கே. இவ்வளவு சுத்தமாகப் பழகிய கையை அவள் எங்கேயும் பார்த்ததில்லை. எல்லாமே தப்பாக இருந்தது. ஒவ்வொரு தடவை அந்தக் கை அசையும்போதும் அந்தத் தப்பு இன்னும் ஒரு விரற்கடை உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. உடம்பு மறக்காது என்று கோட்டுக்காரர் சொன்னது பொய்யில்லை.

"என்னங்க" என்றாள்.

"பின்னாடி நின்னா எனக்கு வராதும்மா" என்றார் அவர் திரும்பாமலே. "எதிர்ல வா. நீதானே லாரி."

அவள் சுற்றிக்கொண்டு போய் அவர் எதிரில் நின்றாள். பாப்பா அடுப்படி வாசலில் நின்று அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேட்டர் சிவப்பில் அள்ளி, நீலத்தில் மெல்லத் திருப்பி, மிகச் சரியாக அவள் தலைக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினார். முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு நிம்மதி வந்திருந்தது.

"சொல்லும்மா" என்றார். "லாரி வந்தாச்சுன்னு சொல்லு. நீ சொன்னாத்தான் எனக்குக் கை ஓடும்."